வழிகாட்டி ஆசிரியருக்கு யார் வழிகாட்டுவது?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இந்த வருஷம் உயர்கல்வி வழிகாட்டி நீங்கதான் சார்" என்கிறார். கையில் ஒரு கையேடு, மனதில் ஒரு பயம். செய்முறைத் தேர்வு, விடைத்தாள், எமிஸ் பதிவு எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. இந்தப் பொறுப்பும் அவற்றோடு வந்து சேர்கிறது.

2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில் 'கல்லூரிக் கனவு' வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் படிப்பு, வேலை பற்றிச் சொல்ல ஆள் வேண்டும் என்பதை அரசே ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம். ஆனால் அந்த ஆளை எப்படித் தயார் செய்கிறோம் என்பதில் இன்னும் நிறைய வேலை இருக்கிறது. 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அந்த ஆலோசகருக்கு வேறு பாடம் கிடையாது, அதற்கென்றே படித்து வந்தவர். இங்கே பாட ஆசிரியரே ஆலோசகர். எனவே அவருக்குக் கொடுக்கும் பயிற்சி ஒரு நாள் சொற்பொழிவாக இருந்தால் போதாது.

முதலில் பழக வேண்டியது கேட்பது. 1908இல் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டு மையம் தொடங்கியபோது வைத்த வரிசை இன்றும் செல்லும்: பிள்ளையைத் தெரிந்துகொள், வேலைகளைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் பொருத்திப் பார். நாம் நேராக மூன்றாவதற்குத் தாவிவிடுகிறோம். மதிப்பெண்ணைப் பார்த்ததும் "நீ பி.காம். போ" என்று சொல்லிவிடுகிறோம். பயிற்சியில் இரண்டிரண்டு ஆசிரியராக உட்காருங்கள்; ஒருவர் மாணவர், ஒருவர் வழிகாட்டி. முதல் பத்து நிமிடம் எந்தப் படிப்பின் பெயரையும் வழிகாட்டி சொல்லக்கூடாது. வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள், எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறாய், விடுதியில் தங்க விடுவார்களா, வீட்டுக் கடன் உண்டா என்று மட்டும் கேளுங்கள். பார்க்க எளிது, செய்ய மிகக் கடினம். தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் "அப்பாவோட கடலுக்குப் போறேன் சார்" என்றால், அது விருப்பமா வேறு வழியில்லாமல் சொல்வதா என்று பிரித்தறிய அந்தப் பத்து நிமிடம் வேண்டும்.

அடுத்தது சுற்றுவட்டாரம். சென்னையில் அச்சடித்த கையேட்டில் உங்கள் பிள்ளையின் பஸ் ரூட் இருக்காது. கடலூரைச் சுற்றி என்ன இருக்கிறது பாருங்கள்: தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் பக்கம் சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி, பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, விருத்தாசலத்தில் பீங்கான் தொழில்நுட்பப் படிப்பு, விழுப்புரத்தில் அரசு சட்டக் கல்லூரி. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை உண்டு. அதன் கடல்வாழ் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. மீனவர் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்த மையத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறோம்? புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அது மத்தியப் பல்கலைக்கழகம், இளநிலைக்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். வழிகாட்டி ஆசிரியர்களைப் பயிற்சி அறையிலேயே உட்கார வைக்காமல் இந்த வளாகங்களுக்கு ஒரு முறை அழைத்துப் போக வேண்டும். நேரில் பார்த்த இடத்தைப் பற்றிப் பேசும்போது பிள்ளைக்கு நம்பிக்கை வரும்.

நாட்காட்டியை ஜூனிலேயே சுவரில் ஒட்டுங்கள். பிளஸ் டூ முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் பல கதவுகள் அதற்குள் சாத்தியிருக்கும். சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வு டிசம்பரில், பொறியியலுக்கான ஜே.இ.இ. முதல் அமர்வு ஜனவரியில். அவற்றுக்கு விண்ணப்பிப்பது அதற்கும் மாதங்களுக்கு முன்னால். இதற்கும் முந்திய வாசல் பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்று தேர்ந்தெடுப்பது. காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு இரண்டு வருஷம் கழித்து இன்ஜினீயரிங் ஆசை வந்தால் பிளஸ் டூவிலிருந்து நேராகச் சேரும் வழி அடைபட்டிருக்கும். ஆகவே வழிகாட்டியின் வேலை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது.

பணம், சலுகை பற்றிய விதிகளில்தான் பயிற்சி மிகவும் ஆழமாக இருக்க வேண்டும் என்பேன். ஒரே தெருவில் குடியிருக்கும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி, இன்னொருத்தி அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி. முதல் பெண்ணுக்கு மருத்துவத்தில் 2020இலிருந்தும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021இலிருந்தும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. அதன்கீழ் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இரண்டாமவளுக்கு அந்த ஒதுக்கீடு இல்லை. ஆனால் 'புதுமைப் பெண்' திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இருவருக்கும் உண்டு. 2024 டிசம்பரில் அது உதவி பெறும் பள்ளித் தமிழ்வழி மாணவியருக்கும் விரிந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து 'தமிழ்ப் புதல்வன்'. வீட்டில் பட்டதாரி யாரும் இல்லையென்றால் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானச் சொத்து தேவையில்லை. இவற்றில் ஒன்றைத் தவறாகச் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் கணக்கு கவிழும். அரைகுறையாகத் தெரிந்ததை ஆறுதலுக்காகச் சொல்லவே சொல்லாதீர்கள். "நாளைக்கு விசாரிச்சுச் சொல்றேம்மா" என்பது மரியாதையான பதில். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் விசாரிக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் 14417க்குப் பேசலாம்.

தோற்ற பிள்ளைகளைப் பட்டியலில் கடைசியில் வைக்காதீர்கள். துணைத் தேர்வு அதே கோடையில் வந்துவிடுகிறது. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாமாண்டு சேரலாம். பாலிடெக்னிக் முடித்தவர் பி.இ. இரண்டாமாண்டு சேரலாம். இந்தப் பாதையைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் எத்தனையோ வீடுகளில் அழுகை நிற்கும்.

கடைசிக் கட்டத்தில்தான் நாம் அதிகம் இழக்கிறோம். கலந்தாய்வில் இடம் கிடைத்து, கல்லூரிக்கே போகாமல் நின்றுவிடும் பிள்ளைகள் பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் பெஞ்சமின் காஸில்மன், லிண்ட்சே பேஜ் என்ற ஆய்வாளர்கள் பள்ளி முடிந்து கல்லூரி தொடங்கும்வரையான விடுமுறை மாதங்களில் மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டிப் பார்த்தார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளில் கல்லூரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. இங்கே 'உயர்வுக்குப் படி' முகாம்கள் நடப்பதும் இப்படி விடுபட்டவர்களைத் தேடித்தான். உங்கள் பள்ளியில் போன வருஷம் முடித்த ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் எந்தக் கல்லூரி, கட்டணம் கட்டியாயிற்றா என்று எழுதி வையுங்கள். வெறுமையாக இருக்கும் பெயருக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். எடுக்கவில்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லுங்கள்.

இதெல்லாம் ஆசிரியரின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்காது. மாவட்டக் கல்வி நிர்வாகத்திடம் கேட்பது இரண்டுதான். வழிகாட்டி ஆசிரியருக்கு ஆண்டில் மூன்று பருவமாகப் பிரித்துப் பயிற்சி கொடுங்கள்: ஜூனில் கேட்கும் பழக்கம், அக்டோபரில் நுழைவுத் தேர்வுகள், ஏப்ரலில் சேர்க்கையும் சலுகைகளும். அவருடைய கால அட்டவணையில் வாரத்துக்கு மூன்று பாடவேளையை இந்த வேலைக்கென்றே எழுதிக் கொடுங்கள்.