ஓர் எழுத்து மாறினால்

அன்புள்ள கயல்விழிக்கு,

சடுதிமாற்றம் என்றாலே கேடுதானா என்று கேட்டிருந்தாய். பாடப்புத்தகத்தில் அந்தப் பகுதி முழுவதும் நோய்களின் பெயராகவே இருப்பதால் உனக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை. மரபணுவில் நேர்ந்த மாற்றத்தை மட்டும் பார்த்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது என்பதே என் பதில். மாற்றம் எந்த இடத்தில் நேர்ந்தது, ஒருவரிடம் அதன் பிரதி ஒன்று இருக்கிறதா இரண்டு இருக்கிறதா, அவர் வாழும் மண்ணில் என்ன நோய் நிலவுகிறது என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். இதைக் காட்ட ஒரே ஒரு மரபணு போதும்.

இரத்தச் சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் பீட்டா குளோபின் என்றொரு சங்கிலி, 146 அமினோ அமிலங்கள் கோத்தது. அதற்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. சங்கிலியின் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலம் வர வேண்டும் என்பதை ஜி-ஏ-ஜி என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் சொல்கின்றன. இந்த மூன்றையே உற்றுப் பார். கடைசி எழுத்து மாறி ஜி-ஏ-ஏ ஆனால் ஒன்றும் ஆகாது, அதுவும் குளுடாமிக் அமிலத்தையே குறிக்கும். முதல் எழுத்து மாறி ஏ-ஏ-ஜி ஆனால் லைசின் வந்துவிடும். இரண்டு பிரதியும் அப்படி அமைந்தவருக்குக்கூடப் பெரும்பாலும் லேசான சோகைதான். நடு எழுத்து மாறி ஜி-டி-ஜி ஆனால் வாலைன் வரும், அதுதான் அரிவாள் செல் சோகை. நடு எழுத்து மாறாமல் அடியோடு விடுபட்டுப் போனாலோ, மூன்று மூன்றாகப் படிக்கப்படும் எழுத்துகள் அந்த இடத்திலிருந்து வரிசை பிசகிப் போகும். உருப்படியான சங்கிலியே உருவாகாது. பீட்டா தாலசீமியா என்னும் இரத்த நோயின் காரணங்களில் இதுவும் ஒன்று. ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்தாலும் இதே கதிதான். ஒரு முழுக் குரோமோசோமே கூடிப்போவதும் உண்டு. 21-ஆம் குரோமோசோம் மூன்றாக அமைவதால் வரும் டவுன் நோய்க்குறியை நீ படித்திருப்பாய். ஆனால் மாற்றத்தின் அளவை வைத்து விளைவின் அளவைக் கணித்துவிட முடியாது என்பதற்கு ஜி-ஏ-ஜி ஒன்றே சாட்சி.

வாலைன் ஏன் இவ்வளவு பாடுபடுத்துகிறது? அது தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலம். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறு, அந்த ஆறாவது இடத்தின் வழியாகப் பக்கத்து மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றிப் பற்றி நீண்ட இழைகள் உருவாகி, சிவப்பணுவை உள்ளிருந்தே இழுத்து அரிவாளாக வளைக்கின்றன. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக்குழாய்களில் சிக்கி அடைக்கும்போது எலும்பிலும் மார்பிலும் எழும் வலி தாங்கமுடியாதது. சுமார் 120 நாள் வாழ வேண்டிய அணு 10 முதல் 20 நாளுக்குள் சிதைகிறது. சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இந்த விசித்திர வடிவ அணுக்களைப் பற்றி 1910-இல் எழுதினார். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறில்தான் என்று நிறுவினார்கள். அடுத்த பத்தாண்டுக்குள் கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்கிராம், மாறியிருப்பது ஒரே ஒரு அமினோ அமிலம் என்று கண்டுபிடித்தார்.

இவ்வளவு கொடிய மாற்றம் தலைமுறை தலைமுறையாக அழியாமல் எப்படி நீடித்தது என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். 1954-இல் ஆன்டனி ஆலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் திரட்டிய சான்றுகளோடு இதற்கு விடை சொன்னார். இந்த மாற்றத்தின் ஒரே ஒரு பிரதி உடையவர்களை உயிர்குடிக்கும் மலேரியா அவ்வளவாக வீழ்த்துவதில்லை. இரண்டு பிரதி உள்ள குழந்தையை நோய் வாட்டுகிறது, ஒரு பிரதியும் இல்லாத குழந்தையை மலேரியா கொண்டுபோகிறது, ஒற்றைப் பிரதி உள்ள குழந்தை பிழைத்து வளர்கிறது. நம் நாட்டில் இந்த மாற்றம் தெரியவந்தது நீலகிரியில். அங்குள்ள பழங்குடியினரிடம் அது இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இருளர், பணியர், குறும்பர் போன்ற மக்களிடம் இன்றும் அது இருக்கிறது. அந்த மலையடிவாரக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை.

அப்படியானால் மலேரியாவைச் சமாளிக்கத்தான் உடல் இந்த மாற்றத்தை உண்டாக்கிக்கொண்டதா? இல்லை, கயல். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பாக்டீரியாக்களை வைத்து லூரியாவும் டெல்புரூக்கும் 1943-இல் செய்த சோதனை, சடுதிமாற்றம் தேவையைப் பார்த்து வருவதில்லை என்று காட்டியது. முதலில் மாற்றம், பிறகுதான் சூழலின் தேர்வு. அப்படியானால் மாற்றம் எங்கிருந்து வருகிறது? செல் பிரியும்போது டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. சுமார் 600 கோடி எழுத்துகளைப் படியெடுக்கையில், திருத்தும் நொதிகள் கண்காணித்தும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. பெற்றோரிடம் இல்லாத சில பத்துப் புதிய மாற்றங்களோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது, நீயும் நானும் உட்பட. எக்ஸ் கதிர் இந்தப் பிழைகளைப் பெருக்கும் என்பதை ஹெர்மன் முல்லர் 1927-இல் பழ ஈக்களில் காட்டினார். புற ஊதாக் கதிரும் புகையிலைப் புகையும் அதையே செய்கின்றன. ஆனால் நுரையீரல் செல்லில் விழும் மாற்றம் புற்றுநோயாகலாமே தவிரப் பிள்ளைக்குப் போகாது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருப்பதுதான் வாரிசுக்குப் போகும். சொந்தத்தில் மணம் முடித்தால் சடுதிமாற்றம் உண்டாகும் என்றும் நம்மிடையே சொல்வார்கள். அது சரியல்ல. குடும்பத்தில் ஏற்கெனவே ஒற்றையாக மறைந்திருந்த மாற்றம் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பைத்தான் அந்த மணம் கூட்டுகிறது.

மலேரியா இல்லாத ஊரில் இந்த மாற்றத்தால் என்ன பயன் என்பது நியாயமான மறுப்பு. பயனில்லை, பாரம் மட்டுமே. செயல்படும் புரதத்தை மாற்றும் சடுதிமாற்றங்களில் தீமை தருபவை நன்மை தருபவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இதையும் எண்ணிப் பார். கருவில் இருக்கும்போது நமக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த சில மாதங்களில் அதன் உற்பத்தி ஏறக்குறைய நின்றுவிடும். இன்னொரு சடுதிமாற்றத்தால் அது நிற்காமல் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் அரிவாள் செல் மாற்றம் இருந்தாலும் நோய் தணிந்தே காணப்படுகிறது. இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான் 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த, கிரிஸ்பர் என்னும் மரபணு வெட்டும் கருவியால் செய்யும் சிகிச்சை. அது ஜி-டி-ஜியைத் திருத்துவதே இல்லை. கருக்கால ஹீமோகுளோபினை நிறுத்திவைக்கும் மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதியை வெட்டி, வேண்டுமென்றே ஒரு சடுதிமாற்றத்தை உண்டாக்குகிறது. மாற்றமே மருந்தாகும்போது, மாற்றம் என்றாலே கேடு என்று எப்படிச் சொல்வது?

அரிவாள் செல் சோகையை 2047-க்குள் ஒழிக்கும் தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கியது. பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு முடிவைக் குறித்த அட்டை தருகிறார்கள். ஒற்றைப் பிரதி உள்ள இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. திருமணத்துக்கு முன்பே அதை அறிந்துகொள்வதற்குத்தான் அந்த அட்டை. அதைக் காட்டி ஒரு பெண்ணையோ ஒரு சமூகத்தையோ ஒதுக்குவதற்கு அல்ல. ஒற்றைப் பிரதி உடையவர் நோயாளி அல்லர். உன் வகுப்பில் யாராவது அவரை நோயாளி என்று சொன்னால், நீ மறுத்துப் பேச வேண்டும்.

அன்புடன்,
உன் சித்தி