வியாபாரப் பாடம்: ஏஜன்டுக்கு எழுதிக் கொடுக்கும் விவரம்



கேட்டதற்குப் பதில் சொல்லி வந்த செயற்கை நுண்ணறிவு, இப்போது நம் கணக்கையும் வேலைப் பதிவையும் திறந்து தானே வேலை செய்கிறது. இதைத்தான் 'ஏஜன்ட்' என்கிறார்கள். அதன் கையில் நாம் கொடுப்பவை 'கருவிகள்'. 'செலவு பதி', 'பாக்கி காட்டு' என்று மென்பொருளில் செய்து வைத்த ஒவ்வொரு வேலையும் ஒரு கருவி. 2024 நவம்பரில் அன்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டோகோல்' என்ற பொது முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், சாதாரண மொழியில் ஒரு விவரமும், கொடுக்க வேண்டிய தகவல்களின் பட்டியலும் இருக்கும்.

எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை ஏஜன்ட் இவற்றை வாசித்தே தீர்மானிக்கிறது. நிரல் எழுதுவது மென்பொருள்காரரின் வேலை. ஆனால் விவரத்தைச் சொல்ல வேண்டியவர் தொழில் தெரிந்த வியாபாரிதான் என்பது என் கருத்து.

ஓர் உதாரணம்

மஹய்யாவ, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் வீடு கட்டும் கொந்தராத்துக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரது ஏஜன்டிடம் 'அட்வான்ஸ் பதி' என்றொரு கருவி. விவரம், 'அட்வான்ஸைப் பதியும்'. இவ்வளவுதான்.

எந்த அட்வான்ஸ்? வீட்டுக்காரர் நமக்குத் தந்ததா, மேசன் பாஸுக்கு நாம் கொடுத்ததா? ஒன்று வரவு, மற்றது செலவு. ஏஜன்ட் நின்று கேட்டால் நல்லது. ஊகித்துப் பதிந்துவிட்டு 'முடிந்தது' என்று சொன்னால்தான் ஆபத்து. வீட்டுக்காரரின் பணம் நம்மிடம் அமானிதம். கணக்குப் பிழைத்தால் கெடுவது கணினியின் பெயரல்ல, நம் பெயர்.

இப்படி எழுதலாம்: "வீட்டுக்காரர் தந்த முற்பணத்தை வரவாகப் பதிய மட்டும் இதைப் பயன்படுத்து. பாஸுக்கோ கடைக்கோ கொடுத்த பணத்துக்கு 'செலவு பதி' கருவியை எடு. தொகை இலங்கை ரூபாயில். திகதி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில். வேலை இலக்கம் கட்டாயம். தெரியாவிட்டால் ஊகிக்காமல் கேள்."

கவனிக்க வேண்டிய ஐந்து

1. எப்போது பயன்படுத்த வேண்டும் என்பதோடு, எப்போது கூடாது என்பதையும் எழுதுங்கள். ஒன்றையொன்று ஒத்த கருவிகள் இருந்தால் இது மிக அவசியம்.

2. அளவை எழுதுங்கள். நம் நாட்டில் ஒரு கியூப் மணல் என்றால் 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீற்றர். ஏஜன்ட் அதைக் கன மீற்றர் என்று எடுத்தால், 10 கியூப் வர வேண்டிய இடத்தில் மூன்றரை கியூப்தான் வரும். 1999 செப்டெம்பரில் நாசாவின் 'மார்ஸ் கிளைமேட் ஓர்பிட்டர்' விண்கலம் தொலைந்ததும் இதே வகைக் குழப்பத்தால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு அளவில் தந்த கணக்கை மற்றது நியூட்டன் அளவென்று எடுத்துக்கொண்டது.

3. வேலையை இலக்கத்தால் குறியுங்கள். 'ஹாஜியார் வீடு' என்றால் நம் பகுதியில் எத்தனை ஹாஜியார்கள்!

4. திரும்பி வரும் பதிலின் பொருளை எழுதுங்கள். 'பாக்கி 0' என்பது வேறு, 'பதிவு இல்லை' என்பது வேறு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு, கடன் தீர்ந்தது என்று ஏஜன்ட் சொல்லக் கூடாது.

5. 'வேலையை முடி', 'வேலையை அழி' இரண்டையும் தெளிவாகப் பிரியுங்கள். முடித்த வேலையின் கணக்கு பின்னரும் தேவைப்படும்.

விவரம் பூட்டு ஆகாது

2025 ஜூலையில் ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜன்ட், எதையும் மாற்றக் கூடாது என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், ஒரு வாடிக்கையாளரின் தரவுத்தளத்தை அழித்தது. ஆகவே நல்ல விவரம் பிழையைக் குறைக்குமே தவிர, முழுவதும் தடுக்காது. அழிக்கும் கருவியை ஏஜன்டிடம் கொடுக்காமலே இருக்கலாம். கொடுத்தால் மனிதரின் சம்மதம் இல்லாமல் இயங்காதபடி மென்பொருளிலேயே பூட்டச் சொல்லுங்கள். தினமும் ஒரு பிரதி தனியாக இருக்கட்டும்.

பரீட்சை

எழுதிய விவரங்களைக் கடையில் புதிதாகச் சேர்ந்த தம்பியிடம் கொடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த பத்துச் செய்திகளைக் காட்டி, எதற்கு எந்தக் கருவி என்று கேளுங்கள். அவர் தடுமாறும் இடத்தைத் திருத்தி எழுதுங்கள். பிறகு அதே பத்தையும், கணக்கின் பிரதியொன்றில், ஏஜன்டிடம் கொடுத்துப் பாருங்கள்.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆவது வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதானாலும் தவணையோடும் சாட்சியோடும் எழுதும் ஒழுங்கை நமக்குக் கற்பிக்கிறது. எழுதுபவர் மனிதரானாலும் இயந்திரமானாலும், என்ன எழுத வேண்டுமென்று தெளிவாகச் சொல்லும் பொறுப்பு நம்முடையதே. அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத் செய்வானாக!