ஆள் ஒருவர், கணக்கு இரண்டு





நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் ஒரு நாட்டில் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை நான்கு எண்களின் பெருக்கலாக எழுதலாம். மக்கள்தொகை முதல் எண். ஒரு தலைக்கு வரும் வருமானம் இரண்டாவது. அந்த வருமானத்தில் ஒவ்வொரு ரூபாயையும் ஈட்டச் செலவாகும் எரிசக்தி மூன்றாவது. ஓர் அலகு எரிசக்திக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்பது நான்காவது. ஜப்பானிய அறிஞர் யோயிச்சி காயா வகுத்ததால் இதைக் காயா சமன்பாடு என்கிறார்கள். இது கூட்டல் அல்ல, பெருக்கல். நான்கில் ஒன்று இரட்டித்தாலே விடையும் இரட்டித்துவிடும்.

ஜனத்தொகை பெருகியதால்தான் பூமி சூடாகிறது என்பது எங்கும் கேட்கும் பேச்சு. இந்தியாவின் கணக்கில் அது பாதி உண்மைகூட இல்லை. 1990-இல் சுமார் 87 கோடியாக இருந்த மக்கள்தொகை 2022-இல் ஏறத்தாழ 142 கோடி ஆனது. இது 1.6 மடங்கு. அதே காலத்தில் கரியமில வாயு நான்கு மடங்குக்கும் மேல் கூடியது. காரணம் இரண்டாவது எண். விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் தலைக்கு வருமானம் ஏறக்குறைய நான்கு மடங்காகியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறு மடங்குக்கு மேல் வர வேண்டும். அந்த அளவுக்குப் போகாமல் தடுத்தவை, குறைந்த எரிசக்தியில் ஓடும் இயந்திரங்களும், ஆலைகளைவிட வேகமாக வளர்ந்த சேவைத் தொழில்களும். இவ்வளவுக்குப் பிறகும் இந்தியரின் பங்கு தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். உலகச் சராசரியில் இது பாதிகூட இல்லை.

தமிழ்நாட்டில் முதல் எண் ஏறக்குறைய நின்றே போய்விட்டது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மக்கள்தொகை குறையாமல் நிலைக்க 2.1 வேண்டும். ஆள் கூடாவிட்டாலும் வீடு கூடுகிறது. கூட்டுக்குடும்பம் மூன்றாகப் பிரிந்தால் ஃப்ரிட்ஜும் மூன்று. ஆறு பேருக்கு ஓடும் ஃப்ரிட்ஜும் இரண்டு பேருக்கு ஓடும் ஃப்ரிட்ஜும் இழுக்கும் கரன்ட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே தலைகளை மட்டும் எண்ணாமல் அடுப்புகளையும் எண்ண வேண்டும்.

இந்த நான்கு எண்களும் ஒரே ஊரில் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் கூத்தாநல்லூரைப் பார்க்கலாம். திருவாரூர் மாவட்டத்தின் இந்தச் சிறு நகரம் தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகளின், அதாவது வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்களின், ஊர். முதலில் மலேசியாவும் சிங்கப்பூரும், பிறகு அரபு நாடுகளும் இவ்வூர் வீடுகளுக்குச் சோறு போட்டன. இங்கிருந்து ஒருவர் குவைத்துக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் தலை எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் அவர் இனி குவைத்தின் கணக்கில் ஒரு தலை. அங்கே தலைக்கு விழும் கரியமில வாயு இந்தியாவைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். எண்ணெய்த் தொழில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள், நிற்காமல் ஓடும் ஏசி எல்லாம் சேர்ந்த சராசரி அது. நெருக்கியடித்துப் பலர் தங்கும் அறையில் படுத்துறங்கும் தொழிலாளிக்கும் அதே சராசரிதான் எழுதப்படுகிறது. இது நியாயமான சித்திரம் இல்லை. அவரை ஏற்றிச் சென்ற விமானத்தின் எரிபொருளோ எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் தனியே குறிக்கப்படுகிறது.

இரண்டாவது எண்ணுக்கு வரலாம்: அவர் அனுப்பும் பணம் ஊரில் வீடாகிறது. சிமென்ட் அரியலூரிலிருந்து வந்தால் அதைச் சுட்ட சூளையின் புகை அரியலூரின் கணக்கு. (சுண்ணாம்புக்கல்லே வெந்து விடும் வாயு எரிபொருளால் வருவதல்ல, அதற்குத் தனிப் பட்டியல்.) வீடு எழும்பியதும் ஏசி வருகிறது. சித்திரை இரவில் 75 வாட் மின்விசிறி எட்டு மணி நேரம் சுற்றினால் அரை யூனிட்டைச் சற்றே தாண்டும். ஒன்றரை டன் ஏசி அதே நேரத்தில் எட்டு யூனிட்டைத் தொட்டுவிடும். இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், ஓர் இரவுத் தூக்கத்துக்கு ஐந்தரை கிலோவுக்கும் மேல். உழைத்துச் சேர்த்த காசில் கிடைத்த அந்தக் குளிர்ச்சியைக் குற்றமென்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் கணக்கு கணக்குதான்.

மூன்றாவது எண்ணைப் பார்க்க ஊரைச் சுற்றியுள்ள வயலில் இறங்க வேண்டும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வரை வந்தால் குறுவை வாய்க்கால் பாய்ச்சலிலேயே விளையும். வராத ஆண்டில் போர் மோட்டார் இராப்பகலாக ஓடுகிறது. விளைவது அதே நெல், போன கரன்ட் பல மடங்கு. விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்தச் செலவு விவசாயியின் கையைக் கடிப்பதில்லை. கணக்கிலிருந்து மட்டும் மறையாது. அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் சேற்றில் இறங்கும் பெல்ட் அறுவடை வண்டி குடிக்கும் டீசலும் இதோடு சேரும்.

நான்காவது எண் எரிபொருளின் தரம். மன்னார்குடிக்குத் தெற்கே திருமக்கோட்டையில் டெல்டாவின் எரிவாயுவில் ஓடும் மின்நிலையம் இருக்கிறது. நெய்வேலியில் எரிவது பழுப்பு நிலக்கரி. ஒரே அளவு வெப்பத்துக்குப் பழுப்பு நிலக்கரி எரிவாயுவைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு கரியமில வாயு விடும். ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் முழுவேகத்தில் சுற்றும்போது, அதே மின்விசிறிக்கு விழும் பங்கு குறைகிறது.

2030-க்குள், 2005-ஐ ஒப்பிட, ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்குமான உமிழ்வை 45 விழுக்காடு குறைப்பதாக இந்தியா உறுதி தந்திருக்கிறது. இது மூன்றாவது, நான்காவது எண்களைப் பற்றிய வாக்கு. மொத்தம் குறையும் என்ற வாக்கு அல்ல. தலைக்கு வருமானம் ஆண்டுக்கு 5 விழுக்காடும் மக்கள்தொகை 1 விழுக்காடும் வளர்ந்தால், கடைசி இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 6 விழுக்காடு இறங்கினால்தான் மொத்தம் இருந்த இடத்தில் நிற்கும்.

கூத்தாநல்லூரில் வெளிநாட்டில் இருப்பவர்களின் பெரிய வீடுகள் பல, பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படுகின்றன. அப்படியொரு வீட்டைக் கட்டியதற்கான கரியமில வாயு முன்பே காற்றில் கலந்துவிட்டது. அதன் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் கிடைக்கும். உள்ளே ஆள் இல்லாத நாட்களில் அத்தனையும் கம்பி வழியே ஊருக்குப் போகும்; அந்த அளவுக்கு எங்கோ நிலக்கரி எரியாமல் மிஞ்சும்.