விட்டுப்போன நிமோனியா ஊசி

அந்தமானில் டெய்ரி ஃபார்ம் பக்கம் கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் இன்றே தாய் சேய் அட்டையை எடுத்துப் பாருங்கள். 'பிசிவி' என்ற வரிசையில் மூன்று தேதிகள் இருக்க வேண்டும்: 6 வாரம், 14 வாரம், 9 மாதம். நிமோனியா, மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமிக்கான ஊசி இது. 2021 முதல் நாடு முழுவதும் அரசு இலவசமாகப் போடுகிறது.

ஊருக்குப் போய் வந்ததில் ஒரு தவணை தவறியிருந்தால் பயம் வேண்டாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஆனால் முதல் ஊசியே போடாத குழந்தைக்கு ஒரு வயது நெருங்குகிறதா? தள்ளிப்போடவே கூடாது. ஒரு வயது தாண்டிவிட்டால் எத்தனை டோஸ் என்பது வயதையும் ஊசியின் வகையையும் பொறுத்தது, ஜி.பி. பந்த் மருத்துவமனையிலோ உங்கள் குழந்தை மருத்துவரிடமோ கேளுங்கள்.

லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். வலது தொடையில் போடுவார்கள்; வீங்கினால் தேய்க்காதீர்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மெயின்லேண்ட் பயணத்தில் அட்டை கைப்பையிலேயே இருக்கட்டும். போட்ட ஊசிக்கு அதுதான் அத்தாட்சி.