ஊரார் மூட்டிய அடுப்பு

நுழையும்முன்

வறுமையும் நோயும் வாட்டும் நாடுகள் குறித்த செய்திகளில் உதவி வேண்டி ஏந்திய கைகளே பெரிதும் காட்டப்படுகின்றன. அம்மக்களே தம் துயர் களைய மேற்கொள்ளும் முயற்சிகள் அரிதாகவே பேசப்படுகின்றன. துன்பத்தை அனுபவிப்போரே அதற்குத் தீர்வும் காண வல்லவர் என்பதைக் கடலூர் மாவட்டத்து வரலாறும் ஆப்பிரிக்க மக்களின் அனுபவமும் உணர்த்துகின்றன.

பசி என்னும் பிணி

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823ஆம் ஆண்டு பிறந்தவர் இராமலிங்க அடிகளார். 1866ஆம் ஆண்டு கீழைக் கடற்கரைப் பகுதிகளைக் கொடிய பஞ்சம் தாக்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1867 மே 23 அன்று, வடலூரில் சத்திய தருமச்சாலையை அடிகளார் தொடங்கினார். அதற்கு அரசாணை எதுவும் பிறக்கவில்லை. பார்வதிபுரத்து மக்களே ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை வழங்கினர். சாதி, சமயம் வினவாமல் பசித்தவர் அனைவர்க்கும் அங்குச் சோறு படைக்கப்பட்டது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது.

தமிழ் மரபு பசியைப் 'பசிப்பிணி' என்றே வழங்கியது. உணவின்றி மெலிந்த உடலில் நோய் எளிதில் குடிபுகும். ஆதலின் சோறே முதல் மருந்தாகும். தருமச்சாலையோடு வைத்தியசாலையையும் அடிகளார் திட்டமிட்டதில் இவ்வுண்மை புலப்படுகிறது.

கல்வி என்னும் விடுதலை

ஒருவேளைப் பசியைச் சோறு தணிக்கும். தலைமுறை வறுமையைத் தணிக்கக் கல்வி வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த சுவாமி சகஜானந்தர் 1916ஆம் ஆண்டு சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் பள்ளி ஒன்றை நிறுவினார். பிறப்பின் காரணமாக நந்தனார் புறத்தே நிறுத்தப்பட்டதாகக் கூறப்படும் அதே ஊரில், அவர் பெயர் தாங்கிய பள்ளியின் வாயில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் திறந்தது. அவர்களுள் ஒருவராய்ப் பிறந்தவரே அதைத் திறந்தார் என்பது கருதத்தக்கது.

கடல் கடந்த உறவு

இத்தகைய முயற்சிகள் ஆப்பிரிக்காவிலும் உண்டு. கென்ய நாட்டுச் சிற்றூர்ப் பெண்கள் விறகும் தூய நீரும் சத்துணவும் கிடைக்காமல் அல்லலுற்றனர். காடழிவே இவற்றின் வேர் என உணர்ந்த வங்காரி மாத்தாய் 1977ஆம் ஆண்டு பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். பெண்கள் தாமே விதை திரட்டி, நாற்று வளர்த்து, கோடிக்கணக்கில் மரங்களை நட்டனர். பிழைத்து வளர்ந்த ஒவ்வொரு கன்றுக்கும் சிறுதொகை பெற்றனர்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் மிகச் சிலரே. அந்நாட்டு மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006ஆம் ஆண்டு மூதாட்டியர் சிலருக்குப் பயிற்சி அளித்தார். அவர்கள் நலவாழ்வு நிலைய வளாகத்து மரப்பலகை இருக்கையில் அமர்ந்து, மனம் நொந்தோரின் குறைகளைச் செவிமடுக்கின்றனர். நோய்க்கு மருத்துவ நூற்பெயர் சூட்டாமல், 'அளவுக்கு மீறிச் சிந்தித்தல்' எனப் பொருள்படும் தம் ஷோனா மொழிச் சொல்லால் குறிக்கின்றனர். தம் மொழியில் தம் துயரைக் கேட்போர் முன் மக்கள் தயங்காமல் மனம் திறக்கின்றனர். இம்முறையால் மனச்சோர்வு குறைவதை 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வு உறுதி செய்தது.

தெரிந்து தெளிவோம்

வங்காரி மாத்தாய் 2004ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணி அவரே.

அறிந்து போற்றுவோம்

கென்யப் பெண்களின் உழைப்பு நோபல் பரிசால் போற்றப்பட இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. அதுவரையிலும் அவர்கள் கன்றுகளுக்கு நீர் ஊற்றிக்கொண்டுதான் இருந்தனர். வெளியிலிருந்து வரும் உதவி தேவையே. எனினும் அது வருவதற்கு முன்பே ஊரில் ஒருவர் பணியைத் தொடங்கியிருப்பார். அவரைத் தேடிக் கண்டு, அவர் சொல் கேட்டு, அவருக்குத் துணைநிற்பதே மெய்யான உதவி. அவரை இரவலராகக் கருதுவது அறியாமை. வடலூர் அடுப்புக்கு விறகிடும் கையும் கென்ய மண்ணில் கன்று நடும் கையும் கொடுக்கும் கைகளே.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மக்களே முன்னின்று நடத்தும் நலப்பணி ஒன்றைக் கண்டறிந்து, அதில் ஈடுபட்டோரிடம் நேர்காணல் நிகழ்த்துக.
2. 'உதவி பெறுவோரும் உதவ வல்லவரே' – குழுவாகக் கலந்துரையாடுக.