அமெரிக்க நாட்டில் சோயா விதை

ஒரு நாட்டின் தானியக் கணக்கை நோக்குவார் பெரும்பாலும் விளைவையும் விலையையுமே நோக்குவர். விளைந்ததில் எவ்வளவு மீண்டும் மண்ணுக்குச் செல்லுகின்றது என்று கருதுவார் சிலரே. விதைக்கென ஒதுக்கப்படும் பங்கு மிகச் சிறிது. ஆயினும் அடுத்த ஆண்டின் வேளாண்மை முழுவதும் அச்சிறு பங்கினுள் அடங்கிக் கிடக்கின்றது. ஐக்கிய அமெரிக்க நாட்டில் சோயா மொச்சை விதைக்கென வழங்கிவந்த வரலாற்றை எடுத்துக்கொண்டு, அப்பங்கு எக்காரணங்களால் கூடியும் குறைந்தும் வந்தது, அதன்மேல் உழவனுக்கிருந்த உரிமை யாதாயிற்று என்னும் இரண்டினையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

விதைக் கணக்கின் இயல்பு

அந்நாட்டு வேளாண்மைத் துறையார் சோயாவின் வரவு செலவை ஒரு பட்டியாக வெளியிட்டு வருகின்றனர். அக்கணக்கின் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் தொடங்கும். பழைய இருப்பு, புது விளைவு, இறக்குமதி என்பன வரவு. ஆலையில் அரைபடுவது, ஏற்றுமதியாவது, விதையாவது, எஞ்சிய பிறவகை என்பன செலவு. அளவை புஷல் எனப்படும். ஒரு புஷல் சோயாவின் எடை 60 ராத்தல், அஃதாவது ஏறக்குறைய 27 கிலோகிராம்.

விதைச் செலவை அறிதற்கு இரண்டு எண்கள் வேண்டும். விதைக்கப்படும் நிலம் எத்தனை ஏக்கர் என்பது ஒன்று. ஏக்கருக்கு வேண்டும் விதை எவ்வளவு என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கக் கிடைப்பதே விதைச் செலவாம். 2021-ஆம் ஆண்டில் சோயா விதைத்த நிலம் ஏறக்குறைய 8 கோடியே 72 இலட்சம் ஏக்கர். ஏக்கருக்கு ஒரு புஷலிற் சற்றுக் குறைவாகக் கொள்ளினும் 8 கோடிப் புஷல் வேண்டியதாகும். அவ்வாண்டின் விளைவோ 440 கோடிப் புஷலுக்கு மேற்பட்டது. எனவே விளைவில் நூற்றுக்கு இரண்டளவே விதைக்குப் போகின்றது.

இங்குக் கற்போர் மயங்குதற்கு இடமான செய்தி ஒன்றுண்டு. இலையுதிர் காலத்தில் அறுத்த மொச்சை அடுத்த இளவேனிலிலேயே விதைக்கப்படும். ஆதலின் ஓராண்டுக் கணக்கிலுள்ள விதைத்தொகை, அவ்வாண்டின் விளைவைப் பொறுத்ததன்று; மறுவிதைப்பின் நிலப்பரப்பைப் பொறுத்ததாகும். 2018-இல் சோயா பெருவிளைவு விளைந்தது. ஆனால் அவ்வாண்டே சீன நாட்டோடு வாணிகப் பிணக்கு நேர்ந்தமையால் மொச்சை விலையின்றித் தேங்கிற்று. அடுத்த இளவேனிலிலோ பெருமழை பெய்து வயல்களில் நீர் நின்றது. 2018-இல் 8 கோடியே 92 இலட்சம் ஏக்கராயிருந்த நிலம் 2019-இல் 7 கோடியே 61 இலட்சம் ஏக்கராகச் சுருங்கிற்று. களஞ்சியம் நிறைந்திருந்தும் விதைச் செலவு குறைந்ததன் காரணம் இதுவே.

தொடக்க காலம்

சாமுவேல் போவன் என்பார் 1765-ஆம் ஆண்டில் ஜார்ஜியாவில் சோயாவைப் பயிரிடச் செய்தனர் என்பர். அதன்பின் நெடுங்காலம் அது கால்நடைத் தீவனமாகவும் பசுந்தழை உரமாகவுமே கருதப்பட்டது. 1924-இல் நாடு முழுவதும் மணிக்காக அறுத்த சோயா ஏறக்குறைய 50 இலட்சம் புஷலே. ஏக்கருக்கு 11 புஷல் விளைந்தது. ஏக்கருக்கு ஒரு புஷல் விதையெனின், பதினொன்றில் ஒரு பங்கு விதைக்கே சென்றிருத்தல் வேண்டும். அன்றியும், தீவனத்துக்காக வளர்த்த வயல்கள் விதையை உண்டனவேயன்றி மணியைத் திருப்பித் தந்தில. ஆகவே அக்காலத்தில் விளைந்த மொச்சையில் பெரும்பகுதி விதையாகவே வழங்கிற்று.

1922-இல் இல்லினாய் மாகாணத்து டிகேட்டர் நகரில் ஸ்டேலி என்பாரது ஆலை சோயாவை அரைக்கத் தொடங்கிற்று. டார்செட், மார்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1929 முதல் 1931 வரை ஜப்பான், கொரியா, சீனம் ஆகிய நாடுகளிற் சுற்றி, ஆயிரக்கணக்கான விதை வகைகளைத் திரட்டி அனுப்பினர். இரண்டாம் உலகப் போரில் கீழ்நாட்டு எண்ணெய்கள் தடைப்படவே சோயாவின் மதிப்பு உயர்ந்தது. இந்நூற்றாண்டில் ஏக்கர் விளைவு 50 புஷலை எட்டிற்று. ஏக்கருக்கு இடும் விதை ஏறக்குறைய அவ்வளவே நிற்க, விளைவு ஐம்மடங்கானமையால், விதையின் பங்கு மிகச் சிறுத்தது.

எடையினின்று எண்ணிக்கைக்கு

முன்னாளில் விதையை எடையால் அளந்தனர். இந்நாளில் எண்ணிக்கையால் அளக்கின்றனர். 1,40,000 மணிகள் கொண்டது ஒரு மூட்டை என விற்பனையாகின்றது. நெருங்கிய சாலில் விதைத்த காலத்தில் ஏக்கருக்கு 2 இலட்சம் மணிகளும் அதற்கு மேலும் இட்டனர். விதை விலை ஏறியபின் பல்கலைக்கழகத்தார் ஆய்ந்து, ஏக்கருக்கு ஏறக்குறைய 1 இலட்சம் செடிகள் நிலைத்து நிற்பின் விளைவு குறையாதெனக் கண்டனர். சோயாச் செடி இடைவெளி கண்டவிடத்துக் கிளைவிட்டு நிரப்பும் இயல்பினது. திருத்தமாக விதைக்கும் யந்திரங்களும், பூசணம் தாக்காதபடி விதைக்கிடும் மருந்தும் இச்சிக்கனத்துக்குத் துணையாயின.

உரிமை மாறியமை

சோயா தன்மகரந்தச் சேர்க்கையுடையது. தாயைப்போலவே சேயும் பிறக்கும். கலப்பு மக்காச்சோளமோ மறுவிதைப்பில் தன் வீறிழக்கும்; அதனால் உழவர் ஆண்டுதோறும் விலைகொடுத்து விதை வாங்குவாராயினர். சோயாவில் அந்நிர்ப்பந்தம் இல்லை. நம் நாட்டார் விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்ததுபோல், அவரும் தம் விளைவில் ஒரு பகுதியைச் சேமித்து விதைத்தனர். 1960-ஐ ஒட்டிய காலத்தில் சோயா நிலத்திற் பாதிக்கு மேல் இவ்வாறு சேமித்த விதையாலேயே விதைக்கப்பட்டது. 2001-இல் அது பத்தில் ஒரு பங்களவாயிற்று.

1970-ஆம் ஆண்டுச் சட்டம் புதுவகை கண்டார்க்கு உரிமை வழங்கிற்று; ஆயினும் உழவன் தன் வயலுக்கென விதை சேமித்தலைத் தடுக்கவில்லை. 1994-இல் அது திருத்தப்பட்டு, சேமித்த விதையைப் பிறர்க்கு விற்றல் விலக்கப்பட்டது. 1996-இல் கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைத் தாங்கவல்ல மரபணுமாற்றச் சோயா விற்பனைக்கு வந்தது. அதனை வாங்குவோர், மீண்டும் விதைக்க மணி சேமியோம் என ஒப்பந்தம் எழுதிக்கொடுத்தனர். 2007-க்குள் நூற்றுக்குத் தொண்ணூறு ஏக்கர் களைக்கொல்லி தாங்கும் வகையே ஆயிற்று.

இந்தியானா மாகாணத்து உழவர் போமன் என்பார், களஞ்சியத்தில் விற்ற பொது மொச்சையை வாங்கி விதைத்து, களைக்கொல்லிக்குத் தப்பியவற்றின் மணிகளைச் சேமித்து ஆண்டுதோறும் விதைத்துவந்தார். மான்சாண்டோ கும்பினியார் வழக்கிட்டனர். 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தார் ஒருமனதாகக் கும்பினியார் பக்கமே தீர்த்தனர். வாங்கிய மொச்சையை உண்ணலாம், விற்கலாம். விதைத்துப் பெருக்குதல் காப்புரிமைக்கு மாறு என்பது அத்தீர்ப்பின் சாரம். 2015-இல் அம்முதல் வகைக்குரிய காப்புரிமை காலங்கடந்தது. அப்பண்பு அமைந்த, உழவர் தமக்கெனச் சேமித்துக்கொள்ளத்தக்க வகை ஒன்றை ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தார் வெளியிட்டனர்.

முடிவுரை

புதுவகை காண்பதற்குப் பொருளும் பல்லாண்டு உழைப்பும் வேண்டும்; அதற்கு ஊதியம் இன்றேல் முயல்வார் அரியர். இதனை நாம் மறுக்கின்றிலோம். ஆயினும் விதையைச் சேமித்து வைத்தவன், விலை வீழ்ந்த ஆண்டிலும் கடனின்றி ஏர் பூட்டினான். ஆண்டுதோறும் வாங்குபவனோ, விளைவு வருமுன்னரே செலவில் ஆழ்கின்றான். அரசினரும் கல்லூரிகளும் பொதுப்பொருளால் நல்ல விதை கண்டு, உழவர் சேமிக்குமாறு வழங்குவராயின், இருபாலார்க்கும் நலமாம். பட்டியில் நூற்றுக்கு இரண்டென நிற்கும் அவ்வரியைக் காணும்போது, அவ்விதை எவர் கைவசம் உள்ளதென்றும் கற்போர் வினவுதல் வேண்டும் என்பதே நம் கருத்து.