தோற்றமும் அச்சமும்: தொழுநோயாளரைச் சமுதாயம் நோக்கும் விதம்

பழக்கப்பட்ட உருவத்தையே இயல்பானது எனக் கருதுவது மனித மனத்தின் தன்மை. மாறுபட்ட தோற்றத்தைக் காணும்போது முதலில் தயக்கம் எழுகிறது. அதற்கு ஒரு காரணமும் கற்பிக்கப்பட்டுவிட்டால் தயக்கம் அச்சமாகிறது. அச்சம் வழக்கமாகிவிட்டால் விலக்கலாக முடிகிறது. நம் நாட்டில் இம்மூன்று படிகளையும் தெளிவாகக் காட்டுவது தொழுநோயாளர்பால் சமுதாயம் கொண்டுள்ள மனப்பான்மையாகும்.

கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும்

தொழுநோய் பாவத்தின் பயன் என்றும், பரம்பரை நோய் என்றும் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். இக்கிருமி நரம்புகளைத் தாக்குவதால் கைகால்களில் உணர்ச்சி குன்றுகிறது. சூடும் வலியும் தெரியாமையால் புண்கள் கவனிப்பாரின்றி முற்றுகின்றன. விரல்கள் மடங்கிக் குறுகுகின்றன. ஆகவே, கண்ணுக்குத் தெரியும் ஊனம் நரம்புச் சிதைவின் விளைவேயன்றித் தொற்றின் அடையாளமன்று. குணமடைந்த பின்னரும் அவ்வூனம் நீடிக்கலாம். மாறாக, நோயைப் பரப்பக்கூடிய ஒருவரிடம் ஊனம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். மக்கள் அஞ்சி ஒதுக்குவது பெரும்பாலும் அஞ்சத் தேவையில்லாதவரையே! மேலும், மிகப் பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே அமைந்துள்ளது.

சட்டத்தில் இடம்பெற்ற அச்சம்

1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், வறிய நோயாளரைக் கைது செய்து காப்பகத்தில் அடைக்க வழிசெய்தது. இச்சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்ற விதிகள் 2019-இல் ஐந்து தனிநபர் சட்டங்களைத் திருத்தி அகற்றப்பட்டன. நோயைக் குணப்படுத்தும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-82-இல் ஆகும். மருத்துவம் வென்ற பின்னரும் சட்டம் மாற முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

சிகிச்சையும் தயக்கமும்

1955-இல் தொடங்கிய தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1983-இல் ஒழிப்புத் திட்டமாக உருப்பெற்றது. ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மருந்துகள் நோயின் வகைக்கேற்ப ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களுக்கு இலவசமாக வழங்கப்படுகின்றன. 2005 டிசம்பரில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எய்தியது. எனினும் 2023-இலும் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர்; இது உலக எண்ணிக்கையில் பாதிக்கும் அதிகம்.

இங்குதான் மனப்பான்மை சுகாதாரப் பிரச்சினையாகிறது. ஊராரின் விலக்கலுக்கு அஞ்சி, உணர்ச்சியற்ற தேமலை ஒருவர் மறைக்கிறார். சிகிச்சை தாமதமாகி ஊனம் ஏற்படுகிறது. அவ்வூனத்தைக் காண்போரின் அச்சம் மேலும் வலுக்கிறது. விலக்கல் தனக்குரிய காரணத்தைத் தானே உண்டாக்கிக் கொள்ளும் நச்சு வட்டம் இது.

அணுகுமுறையில் மாற்றம்

காந்தியடிகள் சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரியாரின் புண்களைத் தம் கையாலேயே கழுவினார். மகாராஷ்டிரத்தில் வரோரா அருகே பாபா ஆம்டே நிறுவிய ஆனந்தவனத்தில், நோயுற்றோர் உழவும் கைத்தொழிலும் மேற்கொண்டு தம் உழைப்பால் வாழ்ந்தனர். முன்னது தீண்டுவதால் தீங்கில்லை என்பதையும், பின்னது நோயுற்றவர் இரக்கத்திற்கு மட்டும் உரியவர் அல்லர் என்பதையும் உணர்த்தின.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோரையும் தன் பாதுகாப்பில் சேர்த்துள்ளது. 2017 முதல் காந்தியடிகளின் நினைவு நாளாகிய ஜனவரி 30-ஐ ஒட்டி, கிராம சபைகளில் 'ஸ்பர்ஷ்' விழிப்புணர்வு இயக்கம் நடைபெற்று வருகிறது. மாவட்ட ஆட்சியரின் செய்தி அங்கே வாசிக்கப்படுகிறது.

ஆயினும் ஆணைகளால் மட்டும் அச்சம் அகலாது. குணமடைந்தவர் சுகாதார நிலையத்தில் மற்றவருடன் ஒரே வரிசையில் நிற்பதையும், பள்ளியில் அவர் பிள்ளை மற்றப் பிள்ளைகளுடன் ஒரே பலகையில் அமர்வதையும் உறுதிசெய்வது அங்குள்ள அலுவலரின் பொறுப்பு. நாள்தோறும் காணும் தோற்றம் பழகிய தோற்றமாகும். பழகியபின் தேமலை மறைக்க வேண்டிய தேவையும் எவருக்கும் இராது.